மரகதம்மாவின் கைகள்

ஜனவரி 8, புதன்

இந்த வருடமாவது எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் பாட்டைப் போட்டேன் என்று எழுதி வைக்க வேண்டும். போன மாதம் ஒரே தெருவில் இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே பாட்டுக்குக் காரிலிருந்து இறங்கினார்கள். அதற்காகத்தான் இந்த டைரி.

இன்று வேலாயுதம்பாளையம் கல்யாணத்தில் தாலி கட்டும் இடம் வரை எடிட் செய்தாயிற்று. பெண்ணின் பெரியம்மா போன் செய்து, தான் கொட்டாவி விடும் இடத்தை எடுத்துவிடச் சொன்னார். பார்த்தேன். அவர் கொட்டாவி விடாத இடம் குறைவு.

மதியம் ஒருவர் எங்கள் கரூர் ஸ்டுடியோவுக்கு மாடியேறி வந்து வாசலில் நின்றார். "வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்றேன். அவர் காதைத் தொட்டுக் கையை ஆட்டினார். காது கேட்காதாம். போனில் எழுதிக் காட்டினார்: "ஈரோடு. பெயர் அறிவழகன். அம்மா வீடியோ பழசு. மண்டபம் பெரிய திரை போட வேண்டும். இப்போது மங்கல். சரி செய்ய முடியுமா."

அவருடைய அம்மாவுக்கும் காது கேட்காது. இருபது வருடம் முன்பு காது கேளாதோர் சங்கக் கூட்டங்களில் அம்மா சைகை மொழியில் தனியாளாக நகைச்சுவை நாடகம் போடுவாராம். அப்போது யாரோ சிறிய கேமராவில் எடுத்தது. பிப்ரவரி கடைசியில் சங்கத்தின் வெள்ளிவிழா. அங்கே திரையிட வேண்டும். அங்கேயே உட்கார்ந்து மூன்று நாடகங்களையும் என் போனுக்கு அனுப்பிவிட்டார்.

"ரெண்டு நாள்ல முடிச்சிரலாங்க" என்று நான் உரக்கச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேஜையில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா, "கத்துனா கேட்டுருமா அம்மிணி?" என்றாள்.

ஜனவரி 10, வெள்ளி

அறிவழகன் வேலை முடிந்தது. பழைய கேமரா, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. என்னுடைய வழவழப்பு ஃபில்டரைப் போட்டேன். இந்த ஃபில்டருக்காகத்தான் நாமக்கல்லிலிருந்துகூட என்னைத் தேடி வருகிறார்கள். பரு, தழும்பு, வியர்வை எதுவும் மிஞ்சாது. மரகதம்மா (அவருடைய அம்மா) பளிங்குச் சிலை மாதிரி வந்தார். மூன்றையும் மாற்றி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 11, சனி

பதில் வந்தது: "முகம் பொம்மை. புருவம் எங்கே."

கோபம் வந்தது. யாரும் என் ஃபில்டரைக் குறை சொன்னதில்லை. நான் திரும்ப எழுதினேன், அவர் திரும்ப எழுதினார். விஷயம் புரிய நேரமானது. புரிந்த பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு நாடகத்தில் காது கேளாத பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை அவளைப் பார்த்து, "பாடத் தெரியுமா?" என்று கேட்கிறாள். அதுதான் சிரிப்பு. சைகை மொழியில் கேள்வி என்பதே புருவத்தில்தான் இருக்கிறதாம். புருவத்தைத் தூக்கினால் "பாடத் தெரியுமா?" தூக்காவிட்டால் "பாடத் தெரியும்." நான் புருவத்தை வழித்துத் தடவிவிட்டேன். அத்தை கேட்கவே இல்லை, தானாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

"சிரிப்பு செத்துவிட்டது" என்று எழுதியிருந்தார். அடியில் கைகூப்பும் படம் ஒன்று.

ஃபில்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். புருவம் இருந்தது. ஆனால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. அவர் போனில் அனுப்பியபோதே போன் அந்தப் படத்தைச் சின்னதாகப் பிழிந்துவிட்டது. சாறு போன கரும்புச் சக்கையை வைத்துக்கொண்டு நான் ஜூஸ் போட்டிருக்கிறேன்.

"ஒரிஜினல் ஃபைல் இருக்கா?" என்று கேட்டேன். ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதாம். பொங்கல் முடிந்து கொண்டுவருகிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கஸ்டமர்கள் எல்லோருக்கும் வாழ்த்துப் படம் அனுப்பினேன். ஈரோட்டுக்கு மட்டும் படம் பிழிபடாமல் இருக்கட்டும் என்று ஃபைலாக அனுப்பினேன். தொழில் சுத்தம்.

ஜனவரி 18, சனி

ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தார். ஒரு நாடகத்தின் ஃபைலே என்னுடைய ஒரு முழுக் கல்யாணத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. மகிழ்ச்சியாக இருந்தது. பெரிய ஃபைல் என்றால் உள்ளே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

காப்பி ஆகும் வரை காத்திருந்தார். ஈரோட்டில் ஒரு பல் லேபில் வேலையாம். பல் செட் செய்கிறார். போனில் தான் செய்த பற்களின் படங்களைக் காட்டினார். வரிசையாக, சிரிக்கும் ஆளே இல்லாமல் சிரிப்பு மட்டும். பிலோமினா அக்கா பயந்துவிட்டாள்.

நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு படிப்பதற்காகத்தான். பிறகு எழுதினார்: "உங்கள் முன் பல் நடுவில் இடைவெளி. நான் சரி செய்ய முடியும். ஆனால் செய்ய மாட்டேன்."

என்ன திமிர்.

அவர் போன பிறகு அக்கா, "கண்ணாடில என்ன அம்மிணி இவ்ளோ நேரம்?" என்றாள். கண்ணில் தூசி என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேலாயுதம்பாளையம் முடிந்து பென் டிரைவில் கொடுத்தாயிற்று. பெரியம்மா கொட்டாவி இல்லாமல் வெகு சுறுசுறுப்பாக இருக்கிறார்.

மரகதம்மாவை ஒரிஜினலிலிருந்து மாற்றி ஒரு துண்டை மட்டும் அனுப்பினேன். பதில்: "புருவம் நன்று. அம்மா கையில் பத்து விரல்."

நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான். கை அசையும் இடத்தில் எல்லாம் ஒரு கையும், அதன் பக்கத்திலேயே அதன் ஆவியும். பழைய கேமரா ஒரு படத்தை முழுதாக எடுக்காது. சீப்பின் பற்கள் மாதிரி ஒரு வரி விட்டு ஒரு வரி முதலில் எடுக்கும், கண்ணிமைக்கும் நேரம் கழித்து இடையில் விட்ட வரிகளை எடுக்கும். அந்த இரண்டு சீப்பையும் என் சாஃப்ட்வேர் ஒன்றாகக் குழைத்து ஒரே படமாக்கிவிட்டது. அதற்குள் கை நகர்ந்துவிட்டதால் விரல் இரட்டிப்பு. கல்யாண வீடியோவில் யாரும் விரலை எண்ணுவதில்லை. இவர்களுக்கு விரல்தான் வார்த்தை.

ஒன்று சொல்ல வேண்டும். விரலைச் சரிபார்க்க அந்த நாடகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குச் சில வார்த்தைகள் தெரிந்துவிட்டன. டிக்கெட், சில்லறை, முன்னால் போ, மாப்பிள்ளை, மூக்கு நீளம். மூன்றில் ஒன்று டவுன் பஸ் கண்டக்டர் நாடகம். அதில் மரகதம்மா ஒரே ஆளாகக் கண்டக்டராகவும், குடிகாரனாகவும், கோழியோடு ஏறும் கிழவியாகவும், அந்தக் கோழியாகவும் நடிக்கிறார். கோழி டிக்கெட் கேட்கும் இடத்தில் நான் தனியாகச் சிரித்தேன்.

அதை அவருக்கு எழுதினேன். உடனே வீடியோ கால் வந்தது. சில்லறை என்று நான் காட்டியது தப்பாம். நான் காட்டியது வேறு ஒன்றாம். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. முகம் சிவந்தது. அவருடையது.

ஜனவரி 24, வெள்ளி

முகூர்த்த நாள். காலையில் இரண்டு கல்யாணம். அதற்கு நடுவில் மரகதம்மாவை முடித்தேன். இந்தத் தடவை சீப்பின் இரண்டு வரிசையையும் குழைக்காமல் தனித்தனிப் படமாகப் பிரித்தேன். நொடிக்கு இருபத்தைந்து படம் போய் ஐம்பது ஆனது. எங்கே நிறுத்தினாலும் தெளிவு. நகம் தெரிகிறது. கண்ணாடி வளையலை எண்ணலாம். ஓட்டிப் பார்க்க நேரமில்லை, என் கம்ப்யூட்டரும் அவ்வளவு பெரிய படத்தைத் திக்கித் திக்கித்தான் ஓட்டும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அனுப்பிவிட்டேன்.

என் தொழிலில் இதுதான் சிறந்த வேலை என்று எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 25, சனி

பதில் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பார்த்துவிட்டார், இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இல்லை. கஸ்டமர் பதில் போடாவிட்டால் நமக்கென்ன. துணி துவைத்தேன். என் அம்மாவுக்குக் கண் மருந்து வாங்கினேன். இன்னொரு தடவை பார்த்தேன், நீலம்தான்.

ஜனவரி 27, திங்கள்

எழுதியிருக்கிறார். நீளமாக. நான் இங்கே சுருக்கி எழுதுகிறேன், அப்படியே எழுத மனம் வரவில்லை.

மரகதம்மாவுக்கு இரண்டு வருடமாகக் கை நடுக்கம். மருந்து சாப்பிடுகிறார். நமக்குத் திக்குவாய் மாதிரி அவர்களுக்கு அது. முதலில் மேடை ஏறுவதை நிறுத்தினார். பிறகு வெளி ஆட்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். இந்தப் பழைய படத்தையாவது எல்லோரும் பார்க்கட்டும், அம்மா எப்படிப் பேசினாள் என்று தெரியட்டும் என்பதற்காகத்தான் மகன் இவ்வளவு அலைந்திருக்கிறார். இதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை டிவியில் போட்டிருக்கிறார்கள். படத்தில் மரகதம்மாவின் கை நடுங்கியிருக்கிறது. நாற்பது வயதுக் கை. அவர் மகனைப் பார்த்து, "அப்பவே நடுங்குச்சா?" என்று கேட்டாராம். பிறகு தானே எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டாராம். விழாவில் போட வேண்டாம் என்று சங்கத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசி வரி: "எனக்கும் சந்தேகம். என் ஞாபகம் தப்பா."

நான் பிலோமினா அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அக்கா பசையை மூடி வைத்தாள். "அந்தம்மா கை நடுங்கலை அம்மிணி. நீதான் என்னமோ பண்ணிப்போட்ட. போய்ப் பாரு" என்றாள்.

ஜனவரி 28, செவ்வாய்

வந்த வேலை எதையும் தொடவில்லை. கண்டக்டர் நாடகத்தில் மரகதம்மா டிக்கெட்டைக் கிழித்து நீட்டும் ஒரே ஒரு அசைவை எடுத்து, படம் படமாக நகர்த்தினேன். கை முன்னால் போகிறது. அடுத்த படத்தில் கொஞ்சம் பின்னால் வருகிறது. பிறகு ஒரு பெரிய தாவல் முன்னால். மறுபடியும் பின்னால். உலகத்தில் யாரும் அப்படி டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். எந்த நோயும் அப்படி அளந்து நடுங்காது.

பின்னால் கடந்து போகும் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தேன். அவளும் நடுங்குகிறாள். மேடையில் காற்றில் ஆடும் தோரணமும் நடுங்குகிறது. மண்டபமே நடுங்கும்போது மரகதம்மாவின் கையை மட்டும் பார்த்துப் பழி போட்டிருக்கிறோம்.

காரணம் வரிசை. எங்கள் கல்யாண கேமராக்கள் மேல் வரியை முதலில் எடுக்கும். நானும் அதே செட்டிங்கை வைத்துப் பழகியவள். அந்தப் பழைய கேமரா கீழ் வரியை முதலில் எடுத்திருக்கிறது. ஆக நான் பின்னால் நடந்ததை முன்னால் காட்டி, முன்னால் நடந்ததைப் பின்னால் காட்டியிருக்கிறேன். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு படமும் சுத்தம். ஓடவிட்டால் நடுக்கம். நான் ஓடவிட்டே பார்க்கவில்லை.

வரிசையை மாற்றி, கீழ்வரி முதலில் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். இந்தத் தடவை அக்காவின் மகளிடமிருந்து நல்ல லேப்டாப் வாங்கி ஓட்டிப் பார்த்தேன்.

அந்தக் கைகளை என்னவென்று எழுதுவது. கோழி பறந்தது. சில்லறை விழுந்து உருண்டது. கிழவி அதைப் பிடிக்க ஓடினாள். அத்தனையும் இரண்டு கைகள். அக்கா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். அவளுக்குச் சைகை மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கோழி டிக்கெட் கேட்கும் இடத்தில் அவளும் சிரித்தாள்.

அனுப்பவில்லை. அனுப்பினால் மரகதம்மா பார்க்க மாட்டார். நேரில் போகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ரயிலில் ஈரோடு. பச்சைச் சேலை கட்டினேன், மற்றதெல்லாம் இஸ்திரி போடாமல் கிடந்தது. அக்கா மட்டும் இருந்திருந்தால், "கன்வெர்ட் பண்றதுக்கு மையெல்லாம் வெச்சுட்டுப் போகோணுமா?" என்று கேட்டிருப்பாள்.

சூரம்பட்டியில் சின்ன வீடு. கதவருகே பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிப்பதற்குப் பதில் விளக்கு எரிந்து அணைகிறது. மரகதம்மா வந்து திறந்தார். படத்தில் பார்த்த அதே முகம், முடி மட்டும் வெளுத்திருக்கிறது. வணக்கம் சொன்னார், காப்பி கொடுத்தார், லேப்டாப்பைப் பார்த்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அறிவழகன் என்னைப் பார்த்தார். இனிமேல் கையால் பேசியதை எல்லாம், எனக்குப் புரியாமல் அவர் போனில் எழுதிக் காட்டியதையும் சேர்த்து, என் பாஷையில் எழுதுகிறேன், வேறு வழியில்லை.

நானே சமையலறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சைகைகளை எல்லாம் கூட்டிச் சொன்னேன்: "தப்பு என்னோடது. உங்க கை இல்ல. என்னோடது." அவர் என் கையைப் பார்த்து முகம் சுளித்தார். இலக்கணம் அவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வந்து உட்கார்ந்தார்.

முதலில் தப்பான படத்தைப் போட்டேன். அவர் எழப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்து, பின்னால் ஆடும் தோரணத்தைக் காட்டினேன். ஓடும் சின்னப் பெண்ணைக் காட்டினேன். "இவளுக்கும் நடுக்கமா?" என்று கேட்டேன். புருவத்தை நன்றாகத் தூக்கித்தான் கேட்டேன். அவர் திரைக்கு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு டிக்கெட் கிழிப்பதைப் படம் படமாக நகர்த்தினேன். முன்னால், பின்னால், முன்னால், பின்னால். அறிவழகன் இடையில் புகுந்து வரி வரியாக விளக்கினார், அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அடுத்து சரியான படத்தை ஓடவிட்டேன்.

முந்தானைக்குள் இருந்த மரகதம்மாவின் கை வெளியே வந்தது. தன்னையே பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். காது கேளாதவர்களின் சிரிப்புக்கு அளவு வைக்கிறவர்கள் யாரும் இல்லை, வீடு அதிர்ந்தது. கிழவி கோழியை அக்குளில் மறைக்கும் இடத்தில் அவர் என் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். வலித்தது. மூன்று நாடகமும் முடிந்ததும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: "எவ்ளோ வேகமாப் பேசியிருக்கேன் பாரு. உங்கப்பா பாவம்."

கிளம்பும்போது எனக்குப் பெயர் வைத்தார். அவர்கள் ஆளுக்கொரு சைகைப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். சுகந்தி என்று எழுத்து எழுத்தாகக் காட்ட யாருக்குப் பொறுமை. என்னுடையது, முன்பல்லின் நடுவில் ஆள்காட்டி விரலால் ஒரு தொடல். நான் மகனைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

விழாவில் போடலாம் என்று மரகதம்மா சங்கத்துக்குச் சொல்லிவிட்டார்.

இன்று வீடியோ காலில் பழங்கள் படித்தேன். கொய்யா கஷ்டம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கூட்டம். காய்கறிகள் படித்தேன். கத்தரிக்காய் சுலபம்.

"படம்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன தினமும் போன்?" என்று அக்கா கேட்டாள். ஆடியோ சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா ஆல்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், முதுகு மட்டும் குலுங்கியது.

பிப்ரவரி 15, சனி

ஈரோட்டு மண்டபத்தில் ஒத்திகை. புரொஜெக்டரில் போட்டதும் மரகதம்மா இரண்டு பங்கு குண்டாகத் தெரிந்தார். பழைய படம் கிட்டத்தட்டச் சதுரம், இப்போதைய திரை அகலம். புரொஜெக்டர் திரை நிறைய வேண்டும் என்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விட்டால் போதும், சரியாகிவிடும்.

சரி செய்யப் போனேன். மரகதம்மா தடுத்தார். "இருக்கட்டும். அந்தக் காலத்துல நான் ரொம்ப ஒல்லி. எல்லாரும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க."

"விரலும் குண்டாகுதே" என்றேன்.

யோசித்தார். "விரல் மட்டும் ஒல்லியா வை. மத்ததெல்லாம் குண்டா இருக்கட்டும்."

அப்படி ஒரு செட்டிங் இல்லை என்று விளக்க அறிவழகனும் நானும் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. கடைசியில் கருப்புப் பட்டை வைத்தோம். மத்தியானம் மூவரும் சாப்பிட்டோம். கையும் கண்ணும் இலையில் இருப்பதால் யாரும் பேச முடியாது. இவ்வளவு அமைதியாக, இவ்வளவு வேகமாக நான் சாப்பிட்டதில்லை. வடை நன்றாக இருந்தது.

பிப்ரவரி 22, சனி

மூன்று பென் டிரைவில் காப்பி எடுத்தேன். லேப்டாப்பிலும் ஒன்று. ஒவ்வொன்றையும் முழுதாக ஓட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். கொடுமுடி தாண்டிவிட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எழுத்து ஆடுகிறது, ரயில் ஆடுகிறது.

மண்டபம் நிறைய ஆட்கள். கோயம்புத்தூர், சேலம், மதுரையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். இங்கிருந்து அங்கே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரும் யாருக்காகவும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் பயங்கரம். விளக்கை அணைத்தால் பேச்சு நின்றுவிடும் என்பதால் அணைத்து அணைத்துப் போட்டுத்தான் கூட்டத்தை உட்கார வைத்தார்கள்.

நான் பின்னால் லேப்டாப்போடு நின்றேன். பெண் பார்க்கும் நாடகம் முதலில். மாப்பிள்ளையின் அத்தை புருவத்தைத் தூக்கி, "பாடத் தெரியுமா?" என்று கேட்டாள். மண்டபம் வெடித்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு வயசானவர் பக்கத்து ஆளைப் பிடித்து உலுக்கினார். இளவட்டங்கள் அந்தக் கேள்வியைத் தங்களுக்குள்ளேயே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார்கள். கண்டக்டர் வந்தபோது பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், உட்காரச் சொல்ல யாராலும் முடியவில்லை, எல்லோருடைய கண்ணும் திரையில். ஒரு விரல் தவறவில்லை. முடிந்ததும் எல்லாக் கைகளும் மேலே எழுந்து ஆடின. அதுதான் அவர்களின் கைதட்டல். மண்டபத்துக்குள் காற்றடித்த மாதிரி இருந்தது.

மரகதம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அவர் முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார். நடுங்கின. திரையில் இப்போதுதான் அந்தக் கைகள் பறந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அறிவழகன் மேடைக்கு ஓரமாக நின்றார், ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளத் தயாராக.

மரகதம்மா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். தோளில் இல்லாத பையை மாட்டினார். கண்டக்டர். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்தது, நடுங்கியது. மறு கை டிக்கெட்டைக் கிழித்தது, நடுங்கியது. இப்போது உடம்பையும் சேர்த்து ஆட்டினார். ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தார். டிக்கெட்டை நீட்டினால் பயணியின் மூக்கில் போய் இடிக்கிறது. சில்லறை கொடுத்தால் பாதி ஜன்னலுக்கு வெளியே போகிறது. கோழி வாந்தி எடுக்கிறது. பிறகு திரையைக் கைகாட்டிச் சொன்னார்: "அப்போ பஸ் ஸ்டாண்டிலேயே நின்னுட்டு இருந்துச்சு. இப்பத்தான் ஓடுது."

அந்தச் சிரிப்பை நான் இதுவரை எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை. எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன். அவர் மேடையை விட்டு இறங்கவே இல்லை. குடிகாரன், கிழவி, கோழி எல்லோரையும் ஓட விட்டார். அதைப் படம் பிடிக்க எத்தனையோ போன்கள் எழுந்தன. நானும் பிடித்தேன். அறிவழகன் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார், அதையும் பிடித்தேன். வெளிச்சம் போதவில்லை, ஃபோகஸ் தப்பிவிட்டது. அழிக்கப்போவதில்லை.

கீழே இறங்கி வந்து மரகதம்மா என் கன்னத்தைத் தட்டினார். "இதையும் தெளிவா வெச்சுக்கோ. இனிமே நான் இப்படித்தான் பேசுவேன்" என்றார்.

அறிவழகன் ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் புறப்பட இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். சாவியை வாங்கிக்கிட்டியா, போய் போன் பண்ணு, தண்ணி பாட்டில், என்ன சொன்னே. ஒலிபெருக்கி வேறு. யாருக்கும் யார் சொன்னதும் கேட்கவில்லை. அவர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நானும்.

ரயில் நகர்ந்த பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். கூடவே நடந்தார், பிறகு நின்றுவிட்டார். தூரம் அதிகமாக ஆக, சைகையைப் பெரிதாக்கினார். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் படித்தேன். "வர்ற ஞாயிறு கரூர் வர்றேன். அம்மாவும் வர்றாங்க. வேலை விஷயமா இல்ல. உங்க அம்மாவைப் பார்க்க. வரட்டுமா?"

நான் கையை ஜன்னலுக்கு வெளியே முழுதாக நீட்டிப் பதில் சொன்னேன். அவர் பார்த்துவிட்டார். அவ்வளவு தூரத்திலும் அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரிந்தது.

எதிர் ஸீட்டில் ஒரு அம்மா, மடியில் மல்லிகைப் பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு கேட்டாரு அவரு?" என்றார்.

"வரட்டுமான்னு கேட்டாருங்க."

"நீ என்ன சொன்ன?"

வரச் சொன்னேன் என்றேன். அவர் பையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்துக் கிள்ளிக் கொடுத்தார்.

அந்த மொழியில் 'வா' என்றாலும் 'வாங்க' என்றாலும் ஒரே கைதான், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நான் எதைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.